இழத்தலும் பறித்தலும் – ஒரு சொல்லாய்வு

முன்னுரை

நீதிமன்ற ஆணையிலும் தேர்தல் செய்தியிலும் நிலம் வாங்கும் ஒப்பந்தத்திலும் நாம் அடிக்கடி காணும் சொற்கள் சில உண்டு. ஜப்தி, பறிமுதல், டெபாசிட் இழத்தல், அச்சாரம் போதல் என்பன அவை. தண்டனையாக ஒன்றை இழத்தல் என்னும் ஒரே பொருளை இவை யாவும் தருவனபோல் தோன்றும். நுணுகி நோக்கின் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையைக் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை அறியாதார், வாசலில் ஒட்டிய ஜப்தி அறிவிப்பைக் கண்ட அளவிலேயே வீடு போயிற்றென்று மனமுடைகின்றனர். எனவே இச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஃபார்ஃபிட், கான்ஃபிஸ்கேட் என இரு சொற்கள் உள்ளன. முன்னது இலத்தீன் மொழியின் ஃபோரிஸ் (வெளியே), ஃபாக்டம் (செய்யப்பட்டது) என்பவற்றின் அடியாக, பழைய பிரெஞ்சு வழியே வந்தது. வரம்புக்கு வெளியே செய்த செயல், அதாவது குற்றம் என்பதே அதன் முதற்பொருள். காலப்போக்கில் குற்றத்தின் பெயர் அதனால் நேரும் இழப்பிற்கு ஆயிற்று. பின்னது ஃபிஸ்கஸ் என்பதன் அடியாகப் பிறந்தது. ஃபிஸ்கஸ் என்றால் கூடை. பணக்கூடையைக் குறித்த அச்சொல் பின்னர் உரோமப் பேரரசரின் கருவூலத்தைக் குறித்தது. ஆகவே கான்ஃபிஸ்கேட் என்பது கருவூலத்தில் சேர்த்தல் எனப் பொருள்படும். முன்னது இழப்பவன் பக்கம் நின்று பேசுகின்றது. பின்னது எடுப்பவன் பக்கம் நின்று பேசுகின்றது.

தமிழிலும் இழத்தல், பறித்தல் என இவ்விரு நோக்கும் உண்டு. வேட்பாளர் டெபாசிட்டை 'இழந்தார்' என்கிறோம். கடத்தல் பொருளை அதிகாரிகள் 'பறிமுதல் செய்தனர்' என்கிறோம். இவ்வழக்கு பொருத்தமுடையதே. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கிற்கு மேல் பெறாதவர் கட்டிய தொகையை இழப்பார் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. அங்கே பறிப்பவர் எவரும் முன்னிற்பதில்லை. விதியே இழக்கச் செய்கின்றது.

அரபுச் சொல்

ஜப்தி என்பதன் வேர் அரபு மொழியின் 'ளப்த்' ஆகும். இறுகப் பற்றுதல், கட்டுக்குள் வைத்தல் என்பன அதன் பொருள். ஹதீஸ் கலையைப் பயின்றோர் இச்சொல்லை நன்கறிவர். அறிவிப்பாளர் ஒருவர் தாம் கேட்டதைப் பிழையின்றி மனத்தில் இருத்திக் காக்கும் திறனுக்கு 'ளப்த்' என்றே பெயர். முகலாயர் ஆட்சியில் நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறைக்கும் இதுவே பெயராயிற்று. அக்பர் காலத்தில் தோடர்மால் அதனைச் சீர்செய்தார். நினைவைப் பற்றுதல், நிலத்தைக் கணக்கிற்குள் பற்றுதல், கடனாளியின் சொத்தைப் பற்றுதல் என ஒரு வேர் பல கிளைகளாய்ப் பரந்தமை எண்ணி மகிழத்தக்கது.

ளகரமும் ஜகரமும்

'ளப்த்' எவ்வாறு ஜப்தி ஆயிற்று? அரபியின் 'ளாத்' எழுத்து நாவின் பக்கவாட்டில் பிறப்பதென்று பண்டை அரபு இலக்கணியர் கூறுவர். தமிழ் முஸ்லிம்கள் அதனை ளகரமாகவே கொண்டனர். ஒளு, பர்ளு, களா, ரமளான் என்பன சான்று. நீதிபதியைக் குறிக்கும் சொல்லையும் நம்மவர் காளி, காழி என்றே வழங்கினர். ஸ்பானிய மொழியில் அதே சொல் 'அல்கால்தே' என லகர ஒலியோடு வழங்குவது இதற்கு அரண் செய்யும்.

பாரசீகத்தாரோ அவ்வெழுத்தை 'ஸ' போன்ற ஒலியாக்கினர். அவ்வழியே வந்த சொற்கள் தமிழில் ஜகரம் பெற்றன. ஜப்தி, ஜாமீன், ஆஜர், ராஜினாமா, ஜில்லா ஆகிய ஐந்திலும் மூல எழுத்து 'ளாத்' என்பதே. கடல்வழி வந்த வணிகரிடமும் மார்க்க அறிஞரிடமும் கற்றவை ளகரமாயின; அரசு அலுவலகத்தின் வழி வந்தவை ஜகரமாயின. தொழுகைக்கு 'ஒளு' செய்யும் அதே மனிதர் நீதிமன்றத்தில் 'ஆஜர்' ஆகின்றார். ஓர் எழுத்து ஈராறுகளாய் நம் மொழியில் வந்து கலந்திருக்கின்றது.

நாஞ்சில் நாட்டு நினைவு

1956 நவம்பர் முதல் நாள் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. பறிமுதலுக்கு மலையாளத்தில் 'கண்டுகெட்டல்' என்பது இன்றும் வழக்கு. மார்த்தாண்ட வர்மர் தம்மை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் சொத்துகளைப் பறித்ததோடு, அவர்தம் வீடுகளை இடித்து அவ்விடங்களில் குளம் தோண்டச் செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி. 'குளம் தோண்டுதல்' என்னும் மலையாள வழக்கு முற்றழிவைக் குறிக்கும்.

ஜப்தி அத்தகையதன்று. அது பற்றி வைத்தலே; ஏலத்தில் விற்று அது உறுதியாகும் வரை உடைமை கடனாளியுடையதே. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுக்கும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள், விதைநெல், சமய வழக்கப்படி பெண்டிர் கழற்றலாகாத அணி ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்கின்றது. இதனை அறிந்த குடும்பம் அஞ்சி ஓடாது. தவணை கேட்கும், தடை கோரும், கடனைத் தீர்க்கவும் வழி தேடும்.

அச்சாரம்

நிலம் வாங்க முன்பணம் தந்தவர் பின்வாங்கின் அப்பணம் போயிற்று என்பது ஊர்வழக்கு. இதனை அரபியில் 'உர்பூன்' என்பர். இத்தகைய விற்பனைக்குத் தடை கூறும் அறிவிப்பு இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. ஹனபி, மாலிகி, ஷாபி மத்ஹபுகள் இதனை ஏற்பதில்லை; ஹன்பலி மத்ஹப் ஏற்கின்றது. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம், காலவரம்பு குறித்திருப்பின் ஆகும் என முடிவு செய்தது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கின்றது. 1963இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அச்சாரமாகிய 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றும், பின்னர்ப் பெற்ற 24,000 ரூபாயை அவ்வாறு பறித்தல் ஆகாதென்றும் தீர்ப்பளித்தது. மார்க்க அறிஞரும் நீதிபதியரும் கேட்ட வினா ஒன்றே: ஈடாக ஒன்றும் தராமல் பிறர் பொருளை எவ்வளவு கொள்ளலாம்?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஜப்தி பற்றி வைத்தல், பறிமுதல் அரசு எடுத்துக்கொள்ளல், இழத்தல் விதியாலோ ஒப்பந்தத்தாலோ உரிமை நீங்கல் என்பது பெறப்படும். சட்டத்தமிழில் பற்றுகை, கைப்பற்றல், பறிமுதல் எனத் தனித்தனிச் சொற்கள் இருந்தும், செய்தித்தாள்கள் யாவற்றையும் பறிமுதல் என ஒன்றாக்கி எழுதுகின்றன. மாணவர்கள் நாளை செய்தியாளராகவும் வழக்குரைஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் திகழவிருப்போர். ஒரு சொல்லைத் தவறாக இட்டால் எளியவர் ஒருவர் தமக்கு எஞ்சியுள்ள உரிமையை அறியாமலேயே கைவிடக்கூடும். சொல்லின் பொருளை 'ளப்த்' செய்வோம். அதாவது, வழுவாது பற்றிக் காப்போம்.