பற்றறியை மாற்றுமுன்

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலாமல் மெல்லிய ஓர் ஒலி மட்டும் எழுமாயின், பெரும்பாலோர் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: பற்றறி பழுதாயிற்று, புதியது வாங்கவேண்டும். இத்தீர்ப்பு சில வேளைகளில் சரியாகும். பல வேளைகளில் பிழையாகும். புதிய பற்றறி பூட்டப்பெற்ற வண்டி சில நாள்கள் செவ்வையாக ஓடிப் பின்னர் முன்போலவே நின்றுவிடும்போதுதான், நோய் வேறிடத்தில் இருந்தது என்பது புலனாகும். அதற்குள் பணமும் போய்விடும். நல்ல பற்றறியொன்றும் குப்பைக்குப் போய்விடும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இப்பிழையைச் செய்யமாட்டார். தொட்டி வறண்டு கிடப்பதைக் கண்டால் அவர் உடனே அதை இடித்துப் புதிதாகக் கட்ட முற்படுவதில்லை. தொட்டியில் வெடிப்பு உண்டா, துலா நீரை இறைக்கின்றதா, இறைத்த நீர் வாய்க்கால் வழியே வந்து சேர்கின்றதா, எங்கேனும் மடை திறந்து கிடக்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வண்டியில் பற்றறியே தொட்டி; மின்னைப் பிறப்பிக்கும் தைனமோவே துலா; கம்பிகளும் இணைப்புகளுமே வாய்க்கால். தோட்டக்காரர் கேட்கும் நான்கு கேள்விகளையும் வண்டியைப் பார்த்துக் கேட்டால், பழுது எங்குள்ளது என்பதை ஊகிக்கவேண்டிய தேவை இராது.

இக்கலையை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கு கற்றிருந்ததற்குக் காரணம் உண்டு. 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952 இல் வெளிவந்த ஏ40 சோமர்செற் முதலிய ஆங்கில வண்டிகள் இங்கு பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி ஒடுங்கவே, இருந்த வண்டிகளையே பேணி ஓட்டவேண்டியதாயிற்று. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. பெற்றோலும் பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. எஞ்சினைச் சில துளி பெற்றோலினால் இயக்கி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அத்தகைய எஞ்சின் எளிதில் இயங்காது. பற்றறிக்கு அதிக வேலை கொடுக்கும். அப்பற்றறியோ கிடைத்தற்கரிய பொருள். ஆகவே, மின்னேற்றம் குன்றுவதற்குரிய காரணத்தைப் பற்றறியை மாற்றாமலே கண்டறிவது, நோயாளியொருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் காரியமாக இருந்தது.

அதே காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, அதன் சிறு தைனமோ தந்த மின்னினால் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. சுழற்றுவோர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். பெரிய தைனமோவின் தத்துவமும் அதுவே. காந்தப் புலத்தில் கம்பிச் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று சார்பாக அசையும்போது சுருளில் மின் பிறக்கும் என்பதை மைக்கல் பரடே 1831 இல் கண்டார். சைக்கிள் தைனமோ தருவது முன்னும் பின்னுமாக மாறிப் பாயும் ஆடலோட்டம். பற்றறியில் ஏற்றுவதற்கோ ஒரே திசையிற் பாயும் நேரோட்டம் வேண்டும். பழைய மோட்டார் வண்டியின் தைனமோவில், ஆமேச்சர் என்னும் சுழலும் பகுதியின் முனையிலுள்ள செப்புத் திசைமாற்றியும், அதன்மீது உராயும் காபன் தூரிகைகளும் இம்மாற்றத்தைச் செய்கின்றன.

தைனமோவுக்கும் பற்றறிக்கும் இடையே ஒரு சிறு பெட்டி உண்டு. அதனுள் இரு காவலர் இருக்கின்றனர். ஒருவர் கட்அவுட். தைனமோவின் அழுத்தம் பற்றறியின் அழுத்தத்தை மிஞ்சியபின்பே இவர் கதவைத் திறப்பார். 12 வோல்ற்று லூக்காஸ் பெட்டிகளில் இது ஏறக்குறைய 12.7 முதல் 13.3 வோல்ற்று வரையில் நிகழும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கதவு மூடிவிடும். இல்லையேல் பற்றறியின் மின் தைனமோவுக்குள் திரும்பிப் பாயும். மற்றவர் ஒழுங்காக்கி, அழுத்தம் வரம்பு மீறாது காப்பவர்.

இனிச் சோதனையின் ஒழுங்கைக் காண்போம். முதலிற் பார்க்கவேண்டியது தொட்டி. பற்றறியின் முனைகளில் வெண்பூப்போலப் படிந்திருக்கும் உப்பைச் சுடுநீரினாற் கழுவி, பிடிகளைச் சுரண்டி இறுக்குதல் வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்கள் நிறைந்த குடாநாட்டில் பல வண்டிகளின் நோய் இத்துடன் தீர்ந்துவிடும். அடுத்து, எஞ்சின் ஓடாது சில மணிநேரம் நின்றபின் வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தால், நிறைந்த பற்றறி 12.6 வோல்ற்று அளவில் காட்டும்; 12 அளவுக்கு இறங்கியிருப்பின் அது பெரும்பாலும் வெறுமையாயிற்று என்பது பொருள். மூடி திறக்கக்கூடிய பற்றறியாயின், ஆறு கலங்களின் அமிலத்தையும் நீரமானியாற் சோதிக்கலாம். ஆறும் ஒருமித்துத் தாழ்ந்திருந்தால் பற்றறி பட்டினி கிடக்கின்றது. ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அக்கலம் பழுது. இந்த ஒரு வேறுபாடே, பற்றறியை வாங்குவதா, வண்டியைப் பார்ப்பதா என்பதைத் தீர்க்கப் பெரிதும் உதவும். சோதிக்கும்போது அருகில் நெருப்பு ஆகாது. மின்னேறும் பற்றறியிலிருந்து வெடிக்கக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படும்.

இரண்டாவது, துலா இறைக்கின்றதா என்பது. விசிறிப் பட்டியின் நடுவே விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கவேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பட்டி வழுக்கும். தைனமோ வேண்டிய வேகத்திற் சுழலாது. பட்டி நன்றாக இருந்தும் எஞ்சினின் வேகத்தைக் கூட்டியபின் சிவப்பு விளக்கு அணையாவிடின், தைனமோவைத் தனியே சோதிக்க வேண்டும். அதிலுள்ள 'டி', 'எவ்' என்னும் இரு முனைகளின் கம்பிகளையும் கழற்றி, அம்முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாக இணைத்து, அவ்விணைப்புக்கும் தைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ற்றுமானியைத் தொடுக்கவேண்டும். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டும்போது அழுத்தம் தடையின்றி விரைந்து உயருமாயின் தைனமோ நலமாக உள்ளது. அது 20 வோல்ற்றை எட்டவிடாமல் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஊசி சிறிதும் அசையாவிடின் தூரிகைகளைப் பார்க்கவேண்டும். அவை தேய்ந்தோ இறுகியோ இருக்கும். அரை முதல் ஒரு வோல்ற்று வரை மட்டும் காட்டின் புலச்சுருளிலும், உரிய அழுத்தத்தின் அரைவாசியளவில் நின்றுவிடின் ஆமேச்சரிலும் பழுதை ஐயுறலாம்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. தைனமோ தனது முதல் மின்னைப் பிறப்பிப்பதற்கு, அதன் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தமே துணை. ஏ40 போன்ற வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இதனை அறியாமல் பற்றறியை மாற்றித் தொடுத்தாலோ, வேறு வண்டியிலிருந்து கழற்றிய தைனமோவைப் பூட்டினாலோ, காந்தத்தின் முனைகள் எதிராக அமைந்துவிடலாம். அப்போது 'எவ்' முனையின் கம்பியைக் கழற்றிவிட்டு, பற்றறியின் உடலோடு இணையாத முனையிலிருந்து வரும் கம்பியால் 'எவ்' முனையை ஒரு கணம் தொட்டெடுத்தால் காந்தம் சரியாக அமையும்.

மூன்றாவது, வாய்க்கால். தைனமோ நலமாயிருந்தும் பற்றறி நிறையாவிடின், மின் இடையில் எங்கோ தடைப்படுகின்றது. எஞ்சின் ஓடும்போது தைனமோவின் உடலுக்கும் பற்றறியின் உடற்றொடுப்பு முனைக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால், அவ்வழியில் துருவோ தளர்ச்சியோ உண்டு. அதுவும் சரியாயின், காவலர் இருவரையும் பார்க்கவேண்டும். கட்அவுட்டின் தொடுமுனைகள் கருகியிருந்தால் கதவு திறந்தும் மின் பாயாது. ஒட்டிக்கொண்டிருந்தால் இரவில் பற்றறி வெறுமையாகும். ஒழுங்காக்கி தவறினால் அமிலம் கொதித்து நீர் அடிக்கடி குறையும். குறைந்த நீரை நிரப்பக் கிணற்று நீர் உதவாது. சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் குடாநாட்டு நீரிலுள்ள உப்புகள் ஈயத்தகடுகளுக்குக் கேடு விளைவிக்கும். காய்ச்சி வடித்த நீரே உரியது.

நான்காவது, திறந்த மடை. எல்லா விளக்குகளையும் அணைத்து, பற்றறியின் ஒரு பிடியைக் கழற்றி, பிடிக்கும் முனைக்கும் இடையே ஒரு சிறு மின்குமிழைத் தொடுத்தால் அது ஒளிரக்கூடாது. ஒளிருமாயின், உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எதைக் கழற்றும்போது ஒளி அணைகின்றதோ, அவ்வழியிலேயே மின் கசிகின்றது. கட்அவுட் போன்று உருகியின் காவலுக்கு உட்படாத வழிகளைத் தனியே பார்த்தல் வேண்டும்.

இன்றைய மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் தைனமோவுக்குப் பதிலாக ஆடலோட்டம் பிறப்பிக்கும் கருவியும், அதனை நேரோட்டமாக்கும் சீராக்கியும் உள்ளன. தமிழர் பலர் குடியேறியுள்ள கனடாவில் பனிமீது ஓடும் வண்டிகளின் அமைப்பும் இத்தகையதே. எனினும் கேள்விகள் மாறவில்லை. எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது பற்றறியின் முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை இருந்தால் மின்னேற்றம் செவ்வையாக நடக்கின்றது. மும்முனைச் சுருளாயின், சீராக்கிக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும் கழற்றி, இரண்டிரண்டாக அளக்கும்போது ஆடலோட்ட அழுத்தம் சமமாக இருக்கவேண்டும். சமமாயின் சுருளை விட்டுச் சீராக்கியையும் இணைப்புகளையும் பார்க்கலாம். ஆனால் ஒரு பழைய வழக்கத்தைக் கைவிடவேண்டும். எஞ்சின் ஓடும்போதே பற்றறியின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது, இக்காலச் சீராக்கியை ஒரு கணத்தில் எரித்துவிடக்கூடும்.

பற்றறி இன்று கடையிற் கிடைக்கும் பொருளே. அதனால் ஆராயாமல் மாற்றுவதும் எளிதாகிவிட்டது. அப்படிக் கழித்து எறியப்படும் ஒவ்வொன்றிலும் ஈயமும் அமிலமும் உள்ளன. வளவின் மூலையில் உடைந்து கிடக்கும் பற்றறியிலிருந்து கசிவது மண்ணில் இறங்கினால், வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடே குடிநீர்க் கிணற்றை அடையக்கூடும். ஆகவே, பயனற்றதெனச் சோதனையால் உறுதியான பற்றறியை மட்டுமே கழித்து, அதனையும் மீளப் பெறுவோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு முன் வேண்டியவை ஒரு வோல்ற்றுமானியும், அரைமணி நேரப் பொறுமையும், கேள்விகளின் ஒழுங்கும் மட்டுமே.