அமானித வீட்டின் செலவு யாருக்கு?

கற்பிட்டியிலிருந்து படகேறிப் போகும் உச்சமுனையில், ஆடு கோழி உள்ள வீட்டைச் சும்மா பூட்டிவிட்டு உம்ராவுக்கோ வெளிநாட்டுக்கோ போக முடியாது. சொந்தக்காரர் ஒருவரைக் குடியிருத்திவிட்டுத்தான் போகவேண்டும். திரும்பி வந்ததும் பிரச்சினை தொடங்கும். தீனிக் காசுக்காக நானாவும் தம்பியும் சலாம்கூடச் சொல்லாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

அமானிதப் பிராணியின் தீனிச் செலவு உரிமையாளரையே சேரும். அடகுப் பிராணியைப் பராமரிப்பவர் அதன் பாலைக் குடிக்கலாம் என்ற ஹதீஸ் புகாரியில் உண்டு. செலவும் பயனும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

ஆகவே தீனி, மருந்து, கூரைப் பழுது வீட்டுக்காரருக்கு. சாப்பாடு, சமையல் கேஸ், போன் காசு தங்கியிருப்பவருக்கு. முற்பணம் கொடுங்கள், அவர் துண்டுகளைச் சேர்த்து வைக்கட்டும். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்படவேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் 2:282தான் குர்ஆனின் மிக நீண்ட வசனம்.