பாட்டி கைப்பக்குவ சூப்: பாட்டிலில் அடைத்து வைத்தால் பாதுகாப்பா?

ஆகஸ்ட், செப்டம்பர் வந்தாலே அமெரிக்கக் கிராமப்புற வீடுகள் பலவற்றில் சமையலறை சின்னத் தொழிற்சாலையாக மாறிவிடும். தோட்டத்தில் தக்காளி, சோளம், பீன்ஸ், கேரட் எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும். பாட்டி பக்குவம் சொல்ல, பேரப்பிள்ளைகள் சோளம் உரிக்க, காய்கறி சூப் தயாராகி கண்ணாடி ஜாடிகளில் ஏறும். பனிக்காலத்தில் மூடியைத் திறந்து சூடுபண்ணினால் சாப்பாடு ரெடி. இதுதான் 'ஹோம் கேனிங்'. பார்க்க எளிதான இந்த வேலையில், ஒரு தவறு உயிரையே பறிக்கலாம். எப்படி?

எப்போது தொடங்கியது?

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்று காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர். தன் முறையை 1810-ல் புத்தகமாக வெளியிட்டார். திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்கு 1858-ல் அமெரிக்காவின் ஜான் மேசன் காப்புரிமை பெற்றார். 'மேசன் ஜார்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மண்ணில் வாழும் 'குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் காய்கறிகளில் ஒட்டிக்கொண்டு வரும். 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீரில் அவை சாகாது. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த ஜாடிக்குள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். இந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சுத் திணறல் என முற்றும். உணவின் நிறம், மணம், ருசி எதுவுமே மாறாமல் இருக்கலாம் என்பதுதான் பெரிய சிக்கல்.

தக்காளி சேர்த்தால் புளிப்பு வந்துடுமே? போதாது. மற்ற காய்கறிகள் கலக்கும்போது பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் போனால் இந்த பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

"எங்க பாட்டி வெந்நீர்லதான் வெச்சாங்க!"

பல குடும்பங்களில் கேட்கும் பதில் இது. ஆனால், புளிப்புக் குறைந்த உணவுகளுக்கு அழுத்த முறைதான் பாதுகாப்பு என்று அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் ஒஹாயோ மாநிலத்தின் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேர் பாட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். வீட்டில் வெந்நீர் முறையில் அடைத்த உருளைக்கிழங்குதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

சரியான முறை என்ன?

* 'பிரஷர் கேனர்' என்ற பெரிய பாத்திரம் கட்டாயம். அழுத்தம் கூடினால்தான் வெப்பம் 115 டிகிரியைத் தாண்டும்.
* ஜாடியில் பாதிக்குக் காய்கறி, மீதிக்குச் சாறு. மேலே ஒரு அங்குலம் இடைவெளி.
* பீன்ஸ், பட்டாணி காய்ந்ததாக இருந்தால் ஊறவைத்து வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.
* அரை லிட்டர் அளவு ஜாடிக்கு 60 நிமிடம், ஒரு லிட்டர் அளவுக்கு 75 நிமிடம். உயரமான ஊர்களில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.
* நூடுல்ஸ், அரிசி, மாவு, பால், கிரீம் கூடாது. சூப் கெட்டியானால் ஜாடியின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேராது. திறந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

நம்ம வீட்டு குக்கர் போதாதா?

போதாது. சாதாரண குக்கர் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறிவிடும். கேனிங் நேரக் கணக்கில், மெதுவாகச் சூடாகி ஆறும் நேரமும் அடங்கும். அப்படியானால் நம்ம மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது? அங்கே காவல் காப்பது புளிப்பும் உப்பும். சூப்பில் இரண்டுமே குறைவு.

கேனர் இல்லாதவர்களுக்கு எளிய வழி: ஃபிரிட்ஜில் 3 அல்லது 4 நாள், ஃப்ரீசரில் 2 அல்லது 3 மாதம். ஜாடியின் மூடி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ ருசி பார்க்கவே கூடாது. அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான்.

மிளகு எவ்வளவு, எந்தக் காய் முதலில் என்பதைப் பாட்டியிடம் கேட்கலாம். எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் பரிசோதித்து வெளியிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.