கடை உங்களுடையது, லைசென்ஸ் யார் பெயரில்?

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லிட்டில் இந்தியா என்று நாடெங்கும் கூடாரங்கள் வரிசையாக எழும்பும். முறுக்கு, அதிரசம், சேலை, வளையல், பூமாலை, அகல் விளக்கு என்று வியாபாரம் இரவு நெடுநேரம் வரை நடக்கும். இப்படிப்பட்ட சந்தைகளில் கால் கடுக்க நின்று விற்பவரிடம், "இந்த இடம் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால் சில நேரங்களில் வரும் பதில் இதுதான்: "வேற ஒருத்தர் எடுத்தது. நாங்க அவர்கிட்ட வாடகைக்கு எடுத்திருக்கோம்."

உழைப்பு ஒருவருடையது, லைசென்ஸ் இன்னொருவருடையது. ஊராட்சி மன்றங்கள் தரும் வாய்ப்புகள் நம் மக்களின் கையில் வந்து சேராமல் போவதற்கு முக்கியக் காரணம் இந்த இடைவெளிதான். சிறு வியாபாரிக்கு மட்டுமல்ல, உறுமி மேளக் குழுவுக்கும் கலை நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கும் இது பொருந்தும்.

தோட்டத்தைத் தேடி வந்த நகரம்

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் அனுமதி என்பது பெரும்பாலும் வாய்ச்சொல். சம்பள நாளில் கடை போடவோ, திருவிழாவுக்குப் பந்தல் போடவோ, மேனேஜரிடம் அல்லது கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் தாமான்களாகின, தாமான்கள் மாநகரங்களுக்குள் வந்துவிட்டன. செபராங் பிறை 2019-இலும், சிரம்பான் 2020-இலும், கிள்ளான் 2024-இலும் மாநகரத் தகுதி பெற்றன. தோட்டப்புற மக்கள் அதிகம் வாழ்ந்த வட்டாரங்கள் இவை.

ஆக, ஒரு காலத்தில் கிராணி இருந்த இடத்தில் இப்போது மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் முகப்பிடம் இருக்கிறது. அங்கே முகத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கமாட்டார்கள். பாரத்தையும் பத்திரத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

மன்றம் தருவது மூன்று: இடம், அனுமதி, வேலை. அங்காடிக் கடை, பசார் மாலாம், பண்டிகைச் சந்தை, மண்டபம், திடல் ஆகியவை இடம். லைசென்ஸ், பெர்மிட் ஆகியவை அனுமதி. மன்றமே நடத்தும் நிகழ்ச்சிகளில் மேடை ஏறுவது, உணவு வழங்குவது, கூடாரமும் ஒலிபெருக்கியும் போட்டுக் கொடுப்பது, சுவரோவியம் வரைவது ஆகியவை வேலை. முதல் இரண்டையும் கேட்டு மன்றத்துக்குப் போகிறவர்கள் உண்டு. மூன்றாவது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சிறு வியாபாரி: முதல் படி 30 வெள்ளி

தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் அதை எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். மைகாட்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 ரிங்கிட். இணையத்திலும் பதியலாம், முகப்பிடத்திலும் பதியலாம்.

இது தொழிலின் பதிவு மட்டுமே. இதை வைத்துக்கொண்டு ஐந்தடியில் மேசை போட்டுவிட முடியாது. இடத்துக்கும் தொழிலுக்கும் அனுமதி தருவது ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ். எஸ்எஸ்எம் பத்திரத்தையே லைசென்ஸ் என்று நினைத்துக் கடை திறந்து, அமலாக்க அதிகாரிகளிடம் பொருளைப் பறிகொடுத்து நிற்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

உணவு விற்பவருக்கு மேலும் இரண்டு தேவை. 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி உணவைக் கையாளுபவர் அதற்கான பயிற்சி வகுப்புக்குச் சென்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். கடையில் உதவிக்கு நிற்கும் மனைவி, மகன், வேலையாள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பெயர்ப் பலகையும் மன்றத்தின் அனுமதிக்கு உட்பட்டது. பலகையில் மலாய்மொழி எடுப்பாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம். வாசகத்தை டேவான் பகாசா டான் புஸ்தாகாவிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு பலகையைச் செய்யக் கொடுப்பது நல்லது. முதலில் பலகையைச் செய்துவிட்டு அனுமதி கேட்டால், செலவு இரண்டு மடங்காகிவிடலாம்.

லைசென்சை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்?

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. லைசென்ஸ் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். மன்றம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு அது உட்பட்டது. காரணம் சொல்லாமலேயே மன்றம் அதை எந்த நேரமும் ரத்து செய்யலாம். அதற்கு இழப்பீடும் கிடையாது. லைசென்சைப் பார்வைக்குத் தெரியும் இடத்தில் மாட்டிவைப்பதும் கட்டாயம்.

சொந்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கே நிலைமை இதுவென்றால், இன்னொருவர் லைசென்சை வாடகைக்கு எடுத்தவரின் நிலை என்ன? லைசென்ஸ்தாரர்தான் கடையை நடத்த வேண்டும், வேறொருவருக்குக் கைமாற்றிவிடக் கூடாது என்பது அங்காடி லைசென்சுகளில் வழக்கமாக உள்ள நிபந்தனை. பிடிபட்டால் லைசென்ஸ் போகும். அதோடு, வாடகை கொடுத்தவர் போட்ட முதலும் போகும். அவர் மன்றத்திடம் போய் முறையிடவும் முடியாது. மன்றத்தின் பதிவேட்டில் அவருடைய பெயரே இல்லை.

பெயர் இல்லாததன் விலை என்ன என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 ஏப்ரலில் அரசாங்கம் குறுந்தொழில் வணிகர்களுக்கு 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் அறிவித்தது. அது பதிவு பெற்ற தொழில்களுக்கானது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் தோசை சுட்டவராக இருந்தாலும், எந்தப் பதிவிலும் பெயர் இல்லையென்றால் அரசாங்கத்தின் கணக்கில் அவர் வியாபாரியே இல்லை.

கடனுக்கும் இதே கதைதான். இந்திய வணிகர்களுக்கென்று தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 2024-இல் அமானா இக்தியார் மூலம் இந்தியப் பெண்களுக்கான 'பெண்' திட்டமும், பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும் தலா 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் வந்தன. இவை கூட்டரசுத் திட்டங்கள். மாநகர் மன்றத்தினுடையவை அல்ல. ஆனால் வங்கியோ தெக்குனோ வணிகக் கடன் தருமுன் தேடுவது தொழில் பதிவையும் ஊராட்சி மன்ற லைசென்சையும்தான். மன்றத்தின் முகப்பிடத்தில் தொடங்கும் பாதைதான் கடன் வரைக்கும் போகிறது.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்: ஒரு கையெழுத்து போதாது

"மண்டபம் புக் பண்ணியாச்சு, போலீசுக்கும் கடிதம் கொடுத்தாச்சு" என்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் ஏற்பாட்டாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டு, நடனம், நாடகம் என்று மேடை நிகழ்ச்சி நடத்த கேளிக்கை லைசென்ஸ் தேவை. கோலாலம்பூரில் இதற்கு 1992-ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டமும், சிலாங்கூரில் 1995-ஆம் ஆண்டு கேளிக்கை, கேளிக்கை இடங்கள் சட்டமும் இருக்கின்றன. மற்ற மாநிலங்களிலும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. எனவே ஈப்போவில் நடத்திய முறையிலேயே கிள்ளானிலும் நடத்தலாம் என்று நினைக்காமல், அந்தந்த ஊர் மன்றத்தைக் கேட்பதே முறை.

வரிசை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதலில் மண்டபம் அல்லது திடலின் உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலமான சம்மதம். அடுத்து மன்றத்திடம் விண்ணப்பம். அதோடு போலீஸ் நிலையம். கூட்டம் அதிகம் வரும் என்றால் தீயணைப்புப் படையின் கருத்து. உணவுக் கடைகள் இருந்தால் சுகாதாரப் பிரிவு. சாலையில் பந்தல் போட்டால் சாலையை மூடுவதற்குத் தனி அனுமதி. சாலையோரத்தில் பேனர் கட்டுவதற்கும் மன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன்பணம் கட்டியிருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் பேனரைக் கழற்றிவிட்டு அதைத் திரும்பக் கேட்க மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து பாடகரையோ பட்டிமன்றப் பேச்சாளரையோ அழைத்தால் இன்னொரு கதவும் உண்டு. வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கு புஸ்பால் எனப்படும் மத்தியக் குழுவிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குடிநுழைவுத் துறையின் பாஸ் வேண்டும். டிக்கெட் அச்சடித்து விற்ற பிறகு இதைத் தொடங்குவது ஆபத்து. டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்குக் கேளிக்கை வரியும் இருக்கிறது. அது டிக்கெட் விலையில் 25 விழுக்காடு வரை போகலாம். உள்ளூர்க் கலைஞர்களுக்கும் நற்பணி நிகழ்ச்சிகளுக்கும் விலக்கோ குறைப்போ உண்டா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காதவருக்கு விலக்கு தானாக வராது.

கலைஞர்: திறமைக்கும் ஒரு கோப்பு வேண்டும்

கோவில் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் வாசிக்கும் உறுமி மேளக் குழுக்கள் நம் நாட்டில் ஏராளம். சம்பளம் கைக்குக் கை வருகிறது. ஆனால் மாநகர் மன்றம் அப்படிக் கொடுக்க முடியாது. பொதுப்பணம் என்பதால் விலைப்புள்ளி, இன்வாய்ஸ், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு என்று எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாததால் நல்ல குழு வெளியே நிற்க, பத்திரம் வைத்திருக்கும் ஏஜண்டு உள்ளே போய்விடுகிறார். மன்றம் அவருக்கு ஒரு தொகை கொடுக்கும். அதில் எவ்வளவு மேளம் அடித்தவருக்குப் போய்ச் சேரும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

குழுவை எஸ்எஸ்எம்மில் தொழிலாகப் பதியலாம். அல்லது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதியலாம். பிறகு இரண்டு பக்கத்தில் குழுவின் விவரம், உறுப்பினர் எண்ணிக்கை, வாசித்த மேடைகள், நான்கைந்து நல்ல படங்கள், இரண்டு நிமிட வீடியோ ஆகியவற்றைக் கொண்டு மலாய்மொழியில் ஒரு கோப்பு தயாரிக்கலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே இதைச் செய்துகொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் லைசென்ஸ் முகப்பிடம் அல்ல. கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் கலாச்சாரம், கலை, சுற்றுலா, விளையாட்டு இலாகா. மற்ற ஊர்களில் பெரும்பாலும் சமூக மேம்பாட்டு இலாகா. கூட்டரசுப் பிரதேச தினம், தேசிய தினம், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்று ஆண்டு முழுவதும் நிகழ்ச்சி நடத்துபவர்கள் அவர்கள்தான்.

தெருவில் பாடுபவருக்கும் இசைப்பவருக்கும் அனுமதி தேவை. இடம், நேரம், ஒலியின் அளவு ஆகியவற்றை மன்றமே நிர்ணயிக்கும்.

ஓவியர்களுக்கு ஜார்ஜ்டவுன் நல்ல எடுத்துக்காட்டு. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமான அந்நகரில், 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னெஸ்ட் சக்காரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சுவரோவியங்களை வரைந்தார். அவற்றின் முன்னே நின்று படமெடுக்க இன்றும் சுற்றுப்பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசைதான் அக்கம்பக்கத்துப் பானக் கடைக்கும் நினைவுப்பொருள் கடைக்கும் வியாபாரம். கலைஞனுக்குக் கொடுத்த ஒரு சுவர் பல சிறு கடைகளுக்குச் சோறு போடுகிறது. அதே சுவரில் உரிமையாளரின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் இல்லாமல் வரைந்தால் அது குற்றம்.

யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது?

நம் மக்களிடையே இன்னும் ஒரு வழக்கம் உண்டு: எதற்கும் முதலில் "ஆளைப்" பார்ப்பது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்கள் இன்று நியமிக்கப்படுபவர்கள். கோலாலம்பூரில் உறுப்பினர்களே இல்லை. டத்தோ பண்டாரும் ஆலோசனை வாரியமும்தான். உறுப்பினரைச் சந்திப்பதில் தவறில்லை. எந்தச் சந்தைக்கு எப்போது விண்ணப்பம், எந்த இலாகாவைப் பார்ப்பது என்று அவர் வழிகாட்டலாம். தாமதமாகும் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டுச் சொல்லலாம். ஆனால் பாரத்தை நிரப்புவது விண்ணப்பதாரரின் வேலை.

"லோட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. மன்றத்துக்குக் கட்டும் ஒவ்வொரு காசுக்கும் மன்றத்தின் ரசீது உண்டு. ரசீது இல்லாத பணம் லைசென்ஸ் கட்டணம் அல்ல.

பெரும்பாலானோர் தவறவிடுவது காலத்தை. தீபாவளிச் சந்தையின் இடங்கள் பண்டிகைக்கு வெகுமுன்பே விண்ணப்பம் வாங்கி, பல இடங்களில் குலுக்கல் மூலம் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடும். கூடாரம் எழும்புவதைப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்பவருக்கு எஞ்சுவது வாடகை லோட்தான். ஆண்டின் தொடக்கத்திலேயே எஸ்எஸ்எம் பதிவு, உணவுப் பயிற்சி, தடுப்பூசி, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முடித்து வைத்துவிட்டு, மன்றத்தின் முகப்பிடத்தில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்: விண்ணப்பம் எந்த மாதம் திறக்கும்? என்னென்ன பத்திரம் வேண்டும்? கேட்பதற்குக் கட்டணம் இல்லை. அடுத்த ஆண்டு யாராவது வந்து "இந்த இடம் யார் பெயரில்?" என்று கேட்டால், கூடாரத்தில் மாட்டியிருக்கும் லைசென்சைக் காட்டினால் போதும்.