கோலியரி ஊர்ப் பள்ளிக்கு வந்த வசந்தம்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தன்பாத் பக்கத்தில் புரச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். அதே நாட்களில்தான் நம்மவர் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி ஓய்வெடுக்கும். கைப்பேசி பீரோவுக்குள் போகும். பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம்! பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றாலும் ஆண்டு விழா என்றாலும், "அதெல்லாம் நமக்கெதற்கு? முதலில் பரீட்சை முடியட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். கோலியரிப் பட்டறையில் 33 ஆண்டுகள் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆகவே, வேறொரு நாட்டின் சுரங்க ஊரில், ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளிக்கு வந்த வசந்த காலத்தைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஊரும் பள்ளியும்

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் மக்டவல் கவுண்டி இருக்கிறது. அங்கே கோல்வுட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். வீடு, கடை, மாதா கோயில் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த காலம் அது. நம் கோலியரி குவார்ட்டர்ஸை மனதில் வைத்துக்கொண்டால் ஊர் கண்முன் வந்துவிடும். அந்த ஊர்ப் பிள்ளைகள் பக்கத்திலிருந்த வார் என்ற சிற்றூரின் பிக் க்ரீக் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். கால்பந்தில் (நம் கால்பந்து அல்ல, அவர்கள் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) பெயரெடுத்தால் கல்லூரியில் உதவித்தொகை கிடைக்கும். இல்லையென்றால் அப்பாவைப் போலச் சுரங்கத்தில் இறங்க வேண்டியதுதான்.

1957 அக்டோபர் 4ஆம் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அது வானத்தில் நகர்ந்து போவதைக் கோல்வுட் மக்கள் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். சுரங்க மேலாளரின் இளைய மகன் ஹோமர் ஹிக்கமுக்கு அப்போது 14 வயது. தானும் ராக்கெட் செய்ய வேண்டுமென்று அன்றே தீர்மானித்தான். கணக்கில் அப்படியொன்றும் கெட்டிக்காரன் அல்லன். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டான். குழு ஆறு பேராக வளர்ந்தது. 'பிக் க்ரீக் ஏவுகணைக் கழகம்' என்று பெரிய பெயராக வைத்துக்கொண்டார்கள்!

முதல் முயற்சியில் பறந்தது ராக்கெட் அல்ல, அவன் அம்மாவின் ரோஜாத் தோட்டத்து வேலி. பிறகு, ஊருக்கு வெளியே சுரங்கக் கழிவு கொட்டிக் கிடந்த மைதானம் கிடைத்தது. அமெரிக்க அரசின் ராக்கெட் தளம் கேப் கனாவரலில் இருந்ததால், இந்தக் கரிமேட்டுக்குக் 'கேப் கோல்வுட்' என்று பெயர் சூட்டினார்கள். ராக்கெட்டுகளுக்கு 'ஆக்' என்று பெயர். அது பறக்கத் தெரியாத, அழிந்துபோன ஒரு பறவை. சிறுவர்களின் குறும்பைப் பாருங்கள்!

ஓர் ஆசிரியை, ஒரு பட்டறை

அந்தப் பள்ளியில் வேதியியலும் இயற்பியலும் கற்பித்தவர் ஃப்ரீடா ஜாய் ரைலி என்ற இளம் ஆசிரியை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஏவுகணை வடிவமைப்பைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கி ஹிக்கமின் கையில் கொடுத்தார். புத்தகத்தைத்தான் தன்னால் தர முடியும், அதைப் படித்துப் புரிந்துகொள்வது அவன் பொறுப்பு என்பது அவர் கொள்கை. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கால்குலஸ். பையன்கள் அந்தக் கணக்கையும் கற்றுக்கொண்டார்கள். பரீட்சைக்காகப் படித்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்பது சந்தேகமே.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். ராக்கெட்டின் அடியில் இருக்கும் நாசில் என்ற பாகம் பார்வைக்கு எளிது, செய்வதற்குக் கடினம். எரிந்த வாயு வெளியேறும் வழி முதலில் புனல்போலக் குறுக வேண்டும். பிறகு மறுபடி விரிய வேண்டும். குறுகிய கழுத்தில் வாயு ஒலியின் வேகத்தை எட்டும். விரியும் பகுதியில் அதையும் தாண்டும். கழுத்தின் அளவு சற்றே பிசகினாலும் ராக்கெட் எழும்பாது, அல்லது வெடிக்கும். எஃகுத் துண்டை இரண்டு பக்கமிருந்தும் சரிவாகக் குடைந்து நடுவில் சேர்ப்பது நல்ல லேத்காரருக்கே சவால். அந்தப் பையன்களுக்கு இதைச் செய்து கொடுத்தவர்கள் சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் என்றாலும் பையன்கள் கொண்டு வந்த வரைபடத்தைப் படித்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், திருத்தம் சொன்னார்கள். ஒவ்வொரு ராக்கெட்டும் முந்தியதைவிட உயரம் போனது. நாளடைவில் ஏவும் நாட்களில் ஊர் ஜனம் திரண்டு வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவர்கள் பயன்படுத்திய எரிபொருள் கலவைகள் உயிரைப் பறிக்கக் கூடியவை. அவர்கள் தப்பியது பாதி கவனத்தால், பாதி அதிர்ஷ்டத்தால். சுரங்கத்தில் வெடிமருந்தின் குணத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பிள்ளைகள் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது மருந்தை அல்ல, முறையை.

1960 வசந்தம்

1960ஆம் ஆண்டு வசந்தத்தில் ஹிக்கமின் காட்சிப் பொருள் கவுண்டி அளவிலும் பகுதி அளவிலும் வென்று, இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த தேசிய அறிவியல் கண்காட்சிக்குப் போனது. அங்கே நடந்ததை அவரே பின்னாளில் 'ராக்கெட் பாய்ஸ்' என்ற நூலில் (1998) எழுதியிருக்கிறார். நடுவர்கள் வருவதற்கு முன்பே அவருடைய நாசில்களையும் ராக்கெட் பாகங்களையும் யாரோ திருடிவிட்டார்கள். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரிலோ வேலைநிறுத்தம், பட்டறை பூட்டிக் கிடந்தது. நிர்வாகத்தின் பக்கம் நின்ற அவருடைய தந்தைக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஜென்மப் பகை. ஆனாலும் இருதரப்பும் விட்டுக்கொடுத்துப் பட்டறையைத் திறந்தார்கள். தொழிலாளர்கள் பாகங்களைப் புதிதாகச் செய்து பெட்டியில் கட்டி பஸ்ஸில் அனுப்பி வைத்தார்கள். ஹிக்கம் பதக்கத்தோடு திரும்பினார்.

நானும் வேலைநிறுத்தங்களைப் பார்த்தவன். கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்றவர்கள் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை அறிவேன். ஒரு பள்ளிக்கூடப் பையனுக்காகப் பட்டறைக் கதவு திறந்தது என்பது பதக்கத்தைவிடப் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.

அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி கடைசி ராக்கெட்டை ஏவினார்கள். அது ஏறக்குறைய 6 மைல் உயரம் போனது. ஹிக்கமின் நூலின்படி, அந்தக் குழுவினர் அனைவருமே கல்லூரிப் படிப்பை எட்டினார்கள். ஹிக்கம் நாசாவில் பொறியாளராகி, விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சியளித்தார். அவரிடம் பயின்ற ஜப்பானிய வீரர் தகாவோ டோய் 1997இல் கொலம்பியா விண்கலத்தில் சென்றபோது, அந்தப் பள்ளிப் பதக்கத்தையும் பழைய ராக்கெட் பாகம் ஒன்றையும் எடுத்துச் சென்றார். ரைலி ஆசிரியைக்கு இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. புற்றுநோயால் 1969இல், 31 வயதிலேயே காலமாகிவிட்டார். 1999இல் வந்த 'அக்டோபர் ஸ்கை' என்ற திரைப்படம் இந்தக் கதைதான்.

ஊர் போனபின் எஞ்சியது

கோல்வுட் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. பிக் க்ரீக் பள்ளியும் 2010இல் மூடப்பட்டது. 1950இல் ஏறத்தாழ 99 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 19 ஆயிரம் பேரே இருக்கிறார்கள். சுரங்க ஊர்களின் தலையெழுத்து இது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலும் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. பிழைப்புக்கு வந்த இடத்தில் நிலக்கரியோ தங்கமோ நமக்கு நிரந்தரமில்லை. பிள்ளைகள் மண்டையிலும் கையிலும் ஏறியது மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும்.

பிப்ரவரி 28 என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றுதான் தேசிய அறிவியல் நாள். 1928இல் அந்தத் தேதியில் ராமன் விளைவு அறிவிக்கப்பட்டதால், 1987 முதல் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளிகளில் கண்காட்சி நடப்பதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். சர் சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவுக்குப் போனது கணக்குத் துறை அதிகாரியாக. நம்மைப் போலவே வேலைக்காக வடக்கே வந்த தமிழர்! அலுவலகம் போவதற்கு முன்பும் வந்த பின்பும் அந்த ஊர் ஆய்வுக் கழகத்தில் சோதனைகள் செய்தார். ஆசுதோஷ் டே என்ற உள்ளூர்க்காரர் அவருக்கு உதவியாக நின்றார். வந்த ஊரை வெறும் சம்பள ஊராக மட்டும் அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் கையில் இருப்பது

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சுரங்கத்துக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதற்கு மாதிரி செய்ய வேண்டுமென்று என்னிடம் வந்தாள். அப்பா கோலியரியில் எலக்ட்ரீஷியன். "பத்தாவது முடிந்ததும் கோட்டாவுக்கு அனுப்பப் போகிறோம் அண்ணா, இப்போது இதெல்லாம் எதற்கு?" என்று அவள் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டு வாங்கினேன். முகப்பில் கண்ணாடி வைத்த மரப்பெட்டி. மேலே இரண்டு தகரக் குழாய்கள். ஒன்றின் அடியில் மெழுகுவத்தி. மற்றக் குழாயின் வாயில் ஊதுவத்தியைக் காட்டினால், புகை கீழே இறங்கி, பெட்டிக்குள் ஓடி, மெழுகுவத்தி இருக்கும் குழாய் வழியாக வெளியேறும். மின்விசிறி வருவதற்கு முந்திய காலத்தில் சுரங்கத்தின் அடியில் நெருப்பு மூட்டி இப்படித்தான் காற்றோட்டம் உண்டாக்கினார்கள். தகரத்தை வளைத்துப் பற்றவைத்தது என் பழைய சகா, பீகார்க்காரர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் விருந்தினராக வந்த சுரங்க அதிகாரி ஒருவர் அவள் மேஜை முன்னால் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒரு குழாயை மூடினால் என்ன ஆகும் என்றார். அவள் மூடியே காட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "தாத்தா, அப்பா வேலை செய்கிற இடத்துக்குக் காற்று எப்படிப் போகிறதென்று எனக்கு இப்போதுதான் தெரியும்" என்றாள். அவள் அப்பா அன்று மாலை முழுவதும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டா பேச்சு இன்னும் முடியவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். தேர்வில் மதிப்பெண் மட்டும் குறையவில்லை.

பணத்துக்கும் வழி இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளி தன் மாணவர்களின் யோசனைகளை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய மாணவருக்கு 10,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பிக்க வேண்டியது பள்ளி. நினைவூட்ட வேண்டியது பெற்றோர். உங்கள் பிள்ளையின் பள்ளி பெயர் கொடுத்திருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், வெல்டர்கள், லேத்காரர்கள், வரைவாளர்கள், கணக்கர்கள், செவிலியர்கள் எத்தனை பேர்! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடுகிறோம், நன்றாகச் சாப்பிடுகிறோம், கலைகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கலாமே! தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும்தான். இந்த ஊர் நமக்குச் சோறு போட்டது. என் வீட்டு வாசலில் ஒரு சிறிய பெஞ்ச் வைஸும் கொஞ்சம் அரங்களும் தயாராக இருக்கின்றன. சேர விரும்பும் அன்பர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க அன்புடன் வேண்டுகிறேன்.