“ஹலோ... கேட்குதா?” வாக்கி-டாக்கி எட்டாதது ஏன்? பனியன் கம்பெனிகள் உஷார்!

திருப்பூர்,
நடு ராத்திரி. வேஸ்ட் குடோனில் புகை கிளம்புகிறது என்று வையுங்கள். வாட்ச்மேன் பதறிப்போய் வாக்கி-டாக்கியை அமுக்குகிறார். கேட்டில் இருப்பவர் காதில் விழுவதோ வெறும் ‘கர்ர்ர்’! அப்புறம் என்ன கதி?

பஞ்சில் தீப்பிடித்தால் நிமிஷக் கணக்குதான். “செல்போன் இருக்கே” என்பீர்கள். அதில் ஒருவரிடம்தான் சட்டென்று பேசலாம். வாக்கி-டாக்கியில் ஒரே அமுக்கில் எல்லோருக்கும் சேதி போகும். போய்ச் சேர வேண்டுமே!

பெட்டியில் ‘10 கிலோ மீட்டர்’ என்று போட்டிருக்கும். வெட்டவெளியில் அது நிஜம். கான்கிரீட் மாடி, தகரக் கூரை, இரும்பு மெஷின் நிறைந்த கம்பெனிக்குள் அரை கிலோ மீட்டர் எட்டினாலே பெரிசு.

உயரம்தான் உசத்தி

‘வாட்’ அதிகமான செட் வாங்கினால் தீருமா? தீராது. இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. கொடைக்கானல் பண்பலை 100.5 நம்மூர் வரை கேட்கிறதே, அது மலை கொடுத்த வரம். கையில் பிடித்த செட்டுக்கு அடிவானம் 5 கிலோ மீட்டர். 30 மீட்டர் கோபுரத்தில் ஆன்டெனா வைத்தால் சுமார் 27. பல்லடம், அவிநாசி இரண்டும் அதற்குள் அடக்கம்.

அந்தக் கோபுரத்தோடு சேர்ந்து வேலை செய்வதுதான் ‘ரிப்பீட்டர்’. ஒரு அலைவரிசையில் காது கொடுத்துக் கேட்கும். அதே நொடியில் வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும்.

இதில் கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. 30 மீட்டர் மெல்லிய கேபிள் போட்டால், 10-ல் 9 பங்கு சக்தி ஆன்டெனாவுக்குப் போகும் முன்பே காலி!

லைசென்ஸ் இருக்கா?

ரிப்பீட்டரை இஷ்டத்துக்கு மாட்ட முடியாது. மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் அலைவரிசையும் லைசென்சும் வாங்கியாக வேண்டும். 2018 விதிப்படி லைசென்ஸ் வேண்டாதது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு சக்தி செட் மட்டுமே. இதைச் சொல்லாமல் ஆன்லைனில் விற்றவர்களுக்கு 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் விட்டது. கண்ட அலைவரிசையில் பேசினால் போலீஸ் ‘மைக்’கிலேயே குறுக்கிட நேரும். அப்புறம் கம்பி எண்ண வேண்டியதுதான்!

செலவுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். ஒருவர் கேட்டில் நிற்கட்டும். இன்னொருவர் டையிங், பாய்லர், குடோன் என்று பேசிக்கொண்டே நடக்கட்டும். ‘கர்ர்ர்’ கேட்கிற இடத்தில் சுவரில் சாக்பீசால் கோடு போடுங்கள். குடோனில் கோடு விழுந்தால், இன்று ராத்திரியே அங்கே ஒரு அலாரம் மணியாவது மாட்டிவிடுங்கள்.