நீலக்குறிஞ்சியும் அதன் நிற பேதங்களும்

குறிஞ்சி பூக்கும் வருஷங்களில் மலைச்சரிவு முழுவதும் நீலமாய்த் தோன்ற, நடுவே ஒரு செடி மட்டும் வெளிறியோ, அபூர்வமாய் வெண்மையாகவோ பூத்திருப்பதுண்டு. அது வேறு ஜாதியோ, வியாதி கண்ட செடியோ என்று ஐயுற்று அதனைப் பிடுங்கிவிடுவோரும், புதுமையென்று வீட்டுக்குக் கொண்டு செல்வோரும் உண்டு. இரண்டும் தவறாகும். அதன் காரணத்தை இங்கு விளக்குவோம்.

நீலக்குறிஞ்சி, சாஸ்திரப் பெயரால் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா எனப்படும். நீலகிரி, பழனி, ஆனைமலை, மூணாறு முதலிய மலைகளில், சோலைகளை அடுத்த புல்வெளிகளில் இச்செடி செழித்து வளர்கிறது. பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூத்து, விதை தந்தபின் மடிந்துவிடும். 1994, 2006, 2018 ஆகிய வருஷங்களில் பெருமளவில் பூத்தது. அடுத்த முறை 2030-ல் எதிர்பார்க்கலாம். எல்லா மலைகளிலும் கணக்கு ஒன்றல்ல; இடுக்கி ஜில்லா சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் 2022-ல் பூத்தது.

நிற பேதத்திற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பூவின் வயது. புதிதாய் மலர்ந்தது இளநீலமாயும், முதிர்ந்தது ஊதாவாயும் தோன்றும். இரண்டாவது, பிறவிக் குணம். பூவுக்கு நீலமும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின் என்னும் சாயப்பொருள். அதனைக் குறைவாக உண்டாக்கும் செடி வெளிறிப் பூக்கும். உண்டாக்க இயலாதது வெண்மையாய்ப் பூக்கும். இது வியாதியன்று. மூன்றாவது, வேறு இனம். குறிஞ்சிக் குடும்பத்தில் இனங்கள் பல. ஆகவே இலை, தண்டு, பூங்கொத்து ஆகியவற்றை அண்டைச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவை ஒத்திருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், அது பெரும்பாலும் நிற பேதமே எனக் கொள்ளலாம்.

இத்தகைய செடி தன் ஆயுளில் விதை தருவது ஒரே தடவை. அதற்கு முன் பிடுங்கினால் அதன் வம்சம் அத்துடன் அற்றுப்போம். பெயர்த்து நட்டும் பயனில்லை; பூத்த செடி எப்படியும் மடியும். விதை எடுத்து விதைப்போரும் ஒன்றை அறிய வேண்டும். தேனீக்கள் அண்டைச் செடிகளின் மகரந்தத்தையும் கொணர்வதால், வெண்குறிஞ்சியின் விதை வெண்மையாகவே பூக்கும் என்பது நிச்சயமில்லை. பூவைக் காணப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே இயற்கை விதைத்த இடத்திலேயே அதனை விட்டுவைப்பதே உத்தமம்.

நில உடைமையாளர்கள், காய் முதிர்ந்து வெடித்து விதை சிதறும் வரை அச்சரிவில் செடிகளை வெட்டாமலும், ஆடுமாடுகளை விடாமலும் இருத்தல் வேண்டும். காய்ந்த செடிகளுக்குத் தீயிடலாகாது. மேட்டுப் புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ் ஆகியன பரவினால் குறிஞ்சிக்கு இடமில்லாமற் போகும்.

1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டுள்ளது. காட்டிலிருந்து அதனைப் பிடுங்குவது குற்றமாகும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள், பூக்கும் பருவத்திற்கு முன்னரே குடிகளுக்குத் தெரிவிப்பது நலம். இவ்வருஷம் காக்கப்படும் ஒரு வெண்பூவின் வழி, பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் நம் மக்கள் காண்பதற்கென்று எஞ்சக்கூடும்.